மஞ்சள் அங்கிக்காரர்கள் எதை எதிர்த்தார்கள்?

2018 நவம்பர் 17. பிரான்ஸ் முழுவதும் ஏறத்தாழ 2,80,000 பேர் சாலைச் சந்திப்புகளை மறித்து நின்றார்கள். காரில் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய மஞ்சள் மேலங்கியே அவர்களுக்குச் சீருடை ஆயிற்று. பருவநிலையைக் காக்கவென்று விதித்த கார்பன் வரி உட்பட எரிபொருள் வரிகளைக் கூட்டுவதால் ஜனவரி முதல் டீசல் லிட்டருக்கு ஆறு சென்ட்டுக்கு மேல் ஏறும் என்று அரசு அறிவித்திருந்தது.

ஆறு சென்ட்டுக்கா இவ்வளவு கோபம் என்று கேட்டால், பாரிஸ் மெட்ரோவில் போகிறவருக்கு அது சில்லறைதான். பேருந்தே வராத சிற்றூர்க்காரருக்கு வேலை, ஆஸ்பத்திரி, மளிகை எல்லாவற்றுக்கும் கார்தான். டீசலுக்கு வரியைக் குறைவாக வைத்துப் பல்லாண்டுகள் மக்களை டீசல் கார் பக்கம் திருப்பியதும் அரசுதான். அதே 2018-இல் பெரும் பணக்காரர்களின் சொத்து வரி நீக்கப்பட்டு, நிலம், வீடுகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. விமான எரிபொருளுக்கு கார்பன் வரியே கிடையாது. வசூலான வரிப்பணத்தில் பெரும்பகுதி பொதுக் கஜானாவுக்குப் போனது. மாதக் கடைசியில் கையைப் பிசைகிறவர் இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கமாட்டாரா? எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது. டிசம்பரில் அரசு வரி உயர்வைக் கைவிட்டது.

அதற்குள் அரசியல் புகுந்துவிட்டது. பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தை எதிர்த்தே பிரெஞ்சுக்காரர்கள் தெருவுக்கு வந்ததாக அமெரிக்க அதிபர் டிரம்ப் ட்விட்டரில் எழுதினார். சுமையை யார் தலையில் ஏற்றுவது என்ற வழக்கு, பருவநிலை அறிவியலுக்கே எதிரான வழக்காகத் திரிக்கப்பட்டது. இது பழைய உத்தி. அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்கு ஆலோசகராக இருந்த ஃபிராங்க் லுன்ட்ஸ், விஞ்ஞானிகளிடையே இன்னும் உறுதி இல்லை என்பதையே விவாதத்தின் மையத்தில் வைக்கும்படி 2002-இலேயே குறிப்பு எழுதிக் கொடுத்தார்.

சாதாரண மக்கள் பருவநிலை நடவடிக்கைகளுக்கு எதிரிகளா என்பதற்கு பிரான்ஸிலேயே ஒரு சோதனை நடந்தது. 2019-இல் குலுக்கல் முறையில் 150 குடிமக்களைத் தேர்ந்தெடுத்து, பருவநிலை பற்றிப் பேச நிபுணர்களோடு பல வார இறுதிகள் உட்காரவைத்தார்கள். அவர்கள் தந்த 149 பரிந்துரைகள் அரசு நினைத்ததைவிடக் கடுமையானவை. ரயிலில் நான்கு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊர்களுக்கு விமானமே வேண்டாம் என்றார்கள். 2021-இல் சட்டம் வந்தபோது அந்த நான்கு மணி நேரத்தை இரண்டரையாகக் குறைத்தது அரசுதான்.