தங்குமிட அடையாள விளக்கு: கடைக்காரர் அறிய வேண்டியவை

பாதயாத்திரைக் குழுவினர் வழிச் சமையலுக்கு அரிசி, பருப்பு, புளி வாங்க வரும்போது, "நல்ல வெளிச்சமாக ஒரு டார்ச் லைட்டும் கொடுங்கள்" என்று கேட்பது வழக்கம். கடையில் உள்ளவற்றில் அதிகப் பிரகாசமானதை எடுத்துக் கொடுத்து அனுப்பி விடுகிறோம். பல நேரங்களில் அவர்களுக்கு வேண்டியது அதுவல்ல.

தைப்பூசத்தை ஒட்டி, குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி செல்லும் காவடிக் குழுக்களையே எடுத்துக் கொள்வோம். இரவில் சாலையோரத் தோப்புகளிலும் வெட்டவெளிகளிலும் பல குழுக்கள் அருகருகே தங்குகின்றன. எல்லாப் பந்தலும் ஒரே மாதிரி இருக்கும். நள்ளிரவில் ஒதுங்கச் சென்ற வயதான அம்மாள் ஒருவர் திரும்பும்போது தம் குழு எது என்று தெரியாமல் நெடுஞ்சாலைப் பக்கம் போய்விட்டால் என்ன ஆகும்? இதைத் தடுப்பதே அடையாள விளக்கின் வேலை. வழி பார்க்க டார்ச் லைட், இடம் காட்ட அடையாள விளக்கு. இவை இரண்டும் வெவ்வேறு சரக்குகள்.

பிரகாசம் அல்ல, நேரமே முக்கியம்

டார்ச் லைட் ஒரே திசையில் ஒளியைப் பாய்ச்சும். பக்கவாட்டில் நிற்பவருக்கு அது சரியாகத் தெரியாது. அடையாள விளக்கு நாலா பக்கமும் தெரிய வேண்டும். விடியும்வரை அணையாமல் எரிய வேண்டும். நல்ல இருட்டில் ஒரு மெழுகுவத்தி வெளிச்சமே அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் கண்ணில் படும். ஆகவே சிறு எல்.இ.டி. விளக்கே போதுமானது.

கணக்கு எளிது. நல்ல ஆல்கலைன் பென்டார்ச் செல்லின் கொள்ளளவு சுமார் 2000 மில்லியாம்பியர் மணி. விளக்கு 20 மில்லியாம்பியர் இழுத்தால் 100 மணி நேரம் எரியும். அதாவது, இரவுக்கு 10 மணி நேரம் வீதம் 10 இரவுகள். அதே செல்லைப் போட்டு 500 மில்லியாம்பியர் இழுக்கும் டார்ச்சை எரித்தால், கணக்கின்படியே 4 மணி நேரம்தான்; நடைமுறையில் அதற்கும் குறையும். விட்டுவிட்டு ஒளிரும் விளக்கானால் செலவு இன்னும் மிச்சம். பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்தால், செல் ஏறக்குறைய இரட்டிப்பு நாள் வரும்.

எந்த செல்?

சாதாரண ஜிங்க் கார்பன் செல் விலை மலிவு; கொள்ளளவு ஆல்கலைனில் பாதியோ அதற்கும் குறைவோதான். ஆனால் மின்சாரத்தை மெதுவாக இழுக்கும் சிறு விளக்குக்கு அது ஓரளவு தாக்குப் பிடிக்கும். அதிகம் இழுக்கும் டார்ச்சில்தான் சீக்கிரம் சோர்ந்து போகும். எனவே டார்ச்சுக்கு ஆல்கலைன், அடையாள விளக்குக்குச் சாதாரண செல் என்று சொல்லி விற்றால், வாடிக்கையாளருக்கும் மிச்சம், நமக்கும் நல்ல பெயர்.

வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் தேவை. ஒரு செல் 1.5 வோல்ட். இரண்டு செல் போடும் மலிவு விளக்கில், செல் சற்று இறங்கியதுமே ஒளி மங்கிவிடும். மூன்று செல் விளக்கில் ஒவ்வொன்றும் 1 வோல்ட்டுக்கு இறங்கும்வரை தாங்கும். கொள்முதலின்போது இதைக் கவனிக்கவும்.

சார்ஜ் செய்யும் விளக்குகள் சமையல் வண்டி உடன் செல்லும் குழுக்களுக்குப் பொருந்தும். வழியில் மின்வசதி இல்லாதவருக்குச் செல் போடும் விளக்கே நம்பிக்கையானது. சார்ஜ் விளக்குகளை மாதக் கணக்கில் அலமாரியில் வைத்தால் உள்ளிருக்கும் பாட்டரி கெட்டுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதியளவாவது சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும்.

நிறமும் இடமும்

எங்கும் வெள்ளை விளக்காக இருக்குமிடத்தில் மற்றொரு வெள்ளை விளக்கு அடையாளம் ஆகாது. நிறம் மாற்றியோ, மெதுவாக விட்டுவிட்டு ஒளிரச் செய்தோ தனித்துக் காட்ட வேண்டும். வண்ணக் கண்ணாடித்தாள் சுற்றினாலே போதும். வெளிச்சம் சிறிது குறையும், அவ்வளவுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சாலையோரத்தில் சிவப்பு விளக்கு தொங்கினால், முன்னே செல்லும் வண்டியின் பின்விளக்கு என்று ஓட்டுநர் நினைக்கக்கூடும். சிவப்பும் நீலமுமாக மாறி மாறி ஒளிர்ந்தால் காவல் துறை வாகனம் என்று மயங்குவர். ரயில் பாதை அருகே சிவப்பு, மஞ்சள், பச்சை எதையுமே தொங்கவிடக் கூடாது. அவை சமிக்ஞை நிறங்கள். திண்டுக்கல் - பழனி வழியில் ரயில் பாதையும் உள்ளதால் இதை வாங்குவோரிடம் சொல்லி அனுப்புவது நல்லது.

விளக்கைத் தரையில் வைத்தால் ஆட்கள் மறைப்பார்கள். மூங்கில் கழியிலோ வண்டியின் மேலோ ஆள் உயரத்துக்கு மேல் கட்ட வேண்டும். தை மாதத்தில் பனி கொட்டும். ஆகஸ்ட் 29-இல் கொடியேறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடப்போருக்கு மழையும் உண்டு. அட்டைப் பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.4 என்றிருந்தால் நீர்த் தெறிப்பைத் தாங்கும். ஐ.பி.67 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். தொங்கவிடும் விளக்குக்கு முதலாவதே போதும்.

பொத்தான் செல்: கவனம்

பொத்தான் வடிவ லித்தியம் செல் போட்ட சின்னஞ்சிறு மின்னும் விளக்குகள் மலிவாக வருகின்றன. மூடி திருகாணியால் இறுக்கப்படாதவற்றை வாங்கவே வேண்டாம். குழந்தை அந்த செல்லை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் உண்டாகலாம், உயிருக்கும் ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இவற்றை மிட்டாய் பாட்டில் அருகே, சிறுவர் கைக்கு எட்டும்படி தொங்கவிடாதீர்கள்.

கொள்முதலும் இருப்பும்

அட்டையில் அச்சிட்ட "வாட்ஸ்" கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். பெட்டி பெட்டியாக எடுக்குமுன் இரண்டு உருப்படி வாங்கி, புது செல் போட்டு, கிட்டங்கியின் இருட்டில் மாலை முதல் காலைவரை எரிய விட்டுப் பாருங்கள். பக்கவாட்டிலும் பின்புறத்திலும் நின்று பாருங்கள். கடை டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லா விளக்கும் ஒன்றாகத்தான் தெரியும்.

2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அட்டையில் இருக்க வேண்டும். இல்லாத சரக்கைப் பில் இன்றி மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். சோதனை வரும்போது விற்றவர் இருக்க மாட்டார். பதில் சொல்ல வேண்டியவர் நாமே.

செல்களைத் தகரக் கூரைச் சூட்டில் அடுக்க வேண்டாம். முன்பு வந்ததை முன்பு விற்க வேண்டும். பழைய செல்லும் புது செல்லும் கலந்து போடக் கூடாது, யாத்திரை முடிந்ததும் செல்லைக் கழற்றி வைக்க வேண்டும் என்று வாங்குவோரிடம் சொல்லுங்கள். இல்லையேல் செல் கசிந்து விளக்கையே கெடுக்கும். தீர்ந்த செல்களை வீட்டுக் குப்பையில் சேர்க்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதி.

கல்லாவில் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்: வழி பார்க்கவா, இடம் காட்டவா? எத்தனை இரவு? வழியில் மின்வசதி உண்டா? பதில் தெரிந்தால் எந்த விளக்கு, எந்த செல், எத்தனை ஜோடி என்பது தானே விளங்கும். விலை உயர்ந்த டார்ச்சைத் தள்ளிவிட்டால் ஒருநாள் லாபம்தான். பத்து இரவும் அணையாமல் எரிந்த விளக்கை விற்றால், அடுத்த தை மாதமும் அந்தக் குழுவின் சாமான் பட்டியல் நம் கடைக்கே வரும்.