இல்லாத கை வலிக்குமா பாஸ்?

"தாயி, சுண்டுவெரல் பக்கம் ஒரு மாதிரி இழுக்குது. உள்ளங்கைக்குள்ள நகம் போய் குத்துற மாதிரி இருக்கு..."

எங்க மாமா இதைச் சொன்னபோது நான் செமஸ்டர் லீவுக்கு கடலாடி வந்திருந்தேன். ராத்திரி பத்து மணி இருக்கும். கரன்ட் போய், எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தோம். அவர் சொன்ன சுண்டுவிரல் வலது கையில் இருக்கிறது. ஸாரி, இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் விசைப்படகில் மடி இழுக்கும்போது வின்ச் கயிற்றில் கை மாட்டி, முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இல்லாத விரல் எப்படி பாஸ் வலிக்கும்?

எல்லோரும் அவரிடம் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். மாத்திரை எழுதிக்கொடுத்த ஒரு டாக்டர் சிரித்தாராம். பக்கத்து வீட்டில் 'காத்து கருப்பு' என்றார்கள். இன்னொருத்தர், "எதுக்கும் ஒரு தடவ ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அத்தை காதில் போட்டுவிட்டுப் போக, அன்றோடு மாமா வாயை மூடிக்கொண்டார். அந்த வார்த்தையின் கனம் எங்க பக்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் செத்துப்போனார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஆனாலும் எங்க வீட்டில் இன்னும் பேசுவார்கள். 'புத்தி சரியில்லை' என்று பேர் வாங்குவதற்கு வலியைப் பொறுத்துக்கொள்வது தேவலை என்று மாமா முடிவு செய்துவிட்டார். ஆறு வருஷம்!

காலேஜ் திரும்பியதும் லைப்ரரியில் தேட ஆரம்பித்தேன். "டிரிபிள் ஈ படிக்கிறவளுக்கும் மூளைக்கும் என்னடி சம்பந்தம்?" என்று ரூம்மேட்ஸ் ஓட்டினார்கள் (அதில் இன்னொரு அர்த்தமும் இருந்தது. புரிந்தும் புரியாதது போல் விட்டுவிட்டேன்!). கடைசியில் கையில் சிக்கியது 'ஃபேன்டம்ஸ் இன் தி பிரெய்ன்'. 1998ல் வந்த புத்தகம். பத்திரிகையாளர் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயோடு சேர்ந்து எழுதியவர் வி.எஸ்.ராமச்சந்திரன். நம்ம ஆளு! சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் முடித்து, கேம்பிரிட்ஜில் டாக்டரேட் வாங்கி, கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் பேராசிரியர் ஆனவர். 2007ல் பத்மபூஷண்.

புத்தகத்தில் எங்க மாமா மாதிரியே ஆட்கள் வரிசையாக வந்தார்கள். இல்லாத கையால் டம்ளரை எடுக்கப் போகிறவர், இல்லாத விரல் அரிக்கிறது என்பவர்... இதற்குப் பெயர் ஃபேன்டம் லிம்ப். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை, கால் இழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வெயர் மிட்செல் 1871லேயே வைத்த பெயர். கை, கால் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த உணர்வு உண்டு. பேயுமில்லை, பைத்தியமுமில்லை.

விஷயம் இதுதான். நம் உடம்புக்கு மூளையில் ஒரு மேப் இருக்கிறது. மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற சர்ஜன், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேல்பரப்பில் லேசாக கரன்ட் கொடுத்து, "எங்கே தெரியுது?" என்று கேட்டுக் கேட்டு 1930களில் வரைந்த மேப். அதில் உதடும் விரல்களும் பெரிய பெரிய பட்டா போட்டிருக்கின்றன. முதுகுக்கோ துளியூண்டு இடம். இன்னொரு வேடிக்கை, கைக்குப் பக்கத்து வீடு முகம்!

1990களின் தொடக்கத்தில் ராமச்சந்திரன் செய்தது ரொம்ப சிம்பிள். கை இல்லாத ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டு, இயர் பட்டால் கன்னத்தைத் தொட்டார். "கன்னத்தில் தெரியுது... என் இல்லாத கட்டைவிரலிலும் தெரியுது" என்றிருக்கிறார் அவர். கையிலிருந்து சிக்னல் நின்றதும் பக்கத்து வீட்டு முகம் அந்தக் காலி இடத்தில் குடியேறிவிட்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம்.

அடுத்த லீவில் இயர் பட்டோடு ஊருக்கு வந்து இறங்கினேன். மாமா கன்னத்தில் தொட்டால்... ஒன்றுமே இல்லை. "கூசுது, விடு தாயி" என்றார். சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் கை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே தொட்டேன் பாருங்கள், அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். "கட்டவெரலு!" சிலருக்கு இப்படியும் வரும் என்று படித்திருந்தேன். இருந்தாலும் எனக்கே சிலிர்த்துவிட்டது.

சரி, வலி? இங்கேதான் எங்க கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் உதவியது. மூளை கைக்கு ஒரு ஆர்டர் போட்டால், 'மடக்கிவிட்டேன்' என்று கண்ணும் தோலும் தசையும் பதில் அனுப்பும். க்ளோஸ்டு லூப். கை போய்விட்டால் ஆர்டர் போகும், பதில் வராது. பதில் வராத கை நகராது என்று மூளை கற்றுக்கொண்டுவிடுகிறது. பொத்திய கை பொத்தியபடியே நின்றுவிடுகிறது என்று ராமச்சந்திரன் யோசித்தார். கற்றுக்கொண்டதை மறக்க வைக்க முடியாதா? கண்ணுக்கு ஒரு பொய்யான பதிலைக் காட்டினால்? 1996ல் அவரும் டயான் ரோஜர்ஸ் ராமச்சந்திரனும் வெளியிட்ட கட்டுரையில் இருப்பது அட்டைப்பெட்டியும் ஒரு கண்ணாடியும்தான். கோடிக்கணக்கில் மெஷின் கிடையாது.

நாங்களும் செய்தோம். மளிகைக் கடை அட்டைப்பெட்டி, முதுகுளத்தூரில் வாங்கிய கண்ணாடி. பெட்டிக்கு நடுவில் கண்ணாடியை நிறுத்தி, இடது கை ஒரு பக்கம், கை போன பக்கம் கண்ணாடிக்குப் பின்னால். எட்டிப் பார்த்தால் இடது கையின் பிம்பம் வலது கை மாதிரியே தெரியும். "ரெண்டு கையும் பொத்துங்க மாமா... இப்ப மெதுவா விரிங்க."

மூணாவது தடவை, "ஏ தாயி... வெரலு விரியுது" என்றார். அத்தை எதுவும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

உடனே 'அதிசயம்' என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் பெட்டியை விட்டுக் கையை எடுத்ததும் விரல் மறுபடி மடங்கிக்கொண்டது. தினமும் கால் மணி நேரம், ஒரு மாதம் விடாமல் செய்த பிறகு வலி குறைந்தது. இன்னும் சில ராத்திரி வரத்தான் செய்கிறது. 2007ல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், கால் இழந்த 22 பேரை மூன்று பிரிவாக்கி நாலு வாரம் சோதித்தார்கள். முடிவுவரை இருந்த 18 பேரில் கண்ணாடி பார்த்த எல்லோருக்கும் வலி குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகள் அவ்வளவு பளிச்சென்று சொல்லவில்லை. எல்லோருக்கும் பலிக்காது. எங்க மாமாவும் இப்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் யோசனையோடுதான் செய்கிறார்.

'குடியேறிய முகம்' கதையிலேயே இப்போது ஒரு ட்விஸ்ட். 2025ல் பிரிட்டன், அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேரை, கையை எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து வெளியிட்டார்கள். வருஷக் கணக்கில் கழிந்தும் மூளையில் கையின் மேப் ஏறக்குறைய அப்படியே இருக்கிறதாம்! அப்படியென்றால் வீடு காலியாகவே இல்லை. இதை மாமாவிடம் சொன்னபோது அலட்டிக்கொள்ளவே இல்லை. "நான் தான் ஆறு வருஷமா சொல்றேனே, கை இருக்குன்னு!"

நம்ப முடியாதவர்கள் ஹாஸ்டல் ரூமிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். 1998ல் போட்வினிக், கோஹன் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்த விளையாட்டு. ரப்பர் கிளவுஸில் துணியை அடைத்து மேஜையில் வையுங்கள். உங்கள் சொந்தக் கையை ஒரு நோட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரெண்ட் இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பிரஷ்ஷால் வருட வேண்டும். நேரம் தப்பினால் வேலைக்கு ஆகாது. ஒன்றிரண்டு நிமிஷத்தில் கிளவுஸ் உங்கள் கையாகிவிடும். பொய் சொல்வதாக நினைத்து, என் ரூம்மேட்டின் 'கிளவுஸ் கையை' ஸ்கேலால் ஓங்கி அடித்தோம். அவள் போட்ட அலறலில் வார்டன் மேலே வந்துவிட்டார்.

போன வாரம் ஊருக்குப் போனபோது அட்டைப்பெட்டி கரையான் அரித்து மூலையில் கிடந்தது. கண்ணாடியைத் தேடினால், மாமா அதை ஜன்னலில் சாய்த்துவைத்து இடது கையால் ஷேவ் செய்துகொண்டிருந்தார்.

"காலேஜுக்குத் தூக்கிட்டுப் போயிறாத தாயி. ராத்திரிக்கு வேணும்."