ஜாமான டிராக்டர் எஞ்சினை மீட்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை மழையில் களத்து மேட்டில் நின்ற பழைய டிராக்டரைத் தை, மாசியில் கிளப்ப முயலும்போது சில சமயம் எஞ்சின் அசைவதில்லை. ஸ்டார்ட்டர் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது. இதை மெக்கானிக்குகள் 'எஞ்சின் ஜாம்' என்பார்கள்.

இந்த நிலையில் விவசாயிகள் சிலர் வேறொரு டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துக் கிளப்பப் பார்க்கிறார்கள். வேறு சிலர் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றுவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம். இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும், பிஸ்டன் உடையும், லைனரில் கீறல் விழும். நான்கு நாள் எண்ணெயில் ஊறியிருந்தால் விடுபட்டிருக்கக் கூடிய எஞ்சின், ஒரு மணி நேர அவசரத்தால் முழுச் செலவு வைத்துவிடும்.

இருவகை ஜாம்

நின்ற இடத்தில் துரு பிடித்து இறுகுவது ஒரு வகை. மேல்நோக்கிய சைலன்சர் குழாய் வழியாக மழைநீர் இறங்கி, திறந்திருக்கும் வால்வு வழியே சிலிண்டருக்குள் சேர்கிறது. பிஸ்டன் ரிங்குகள் லைனரோடு துருவால் ஒட்டிக்கொள்கின்றன. இதைப் பெரும்பாலும் பொறுமையால் சரிசெய்யலாம்.

ஓடும்போதே பிடித்துக்கொள்வது மற்றொரு வகை. ரேடியேட்டரில் வைக்கோல் தூசி அடைத்தாலோ, விசிறி பெல்ட் அறுந்தாலோ, ஆயில் குறைந்தாலோ இது நேரும். அலுமினியப் பிஸ்டன் சூட்டில் வார்ப்பிரும்பு லைனரைப்போல் சுமார் இரு மடங்கு விரியும். இடைவெளி மறைந்து இரண்டும் உராய்ந்து இறுகிவிடும். ஆயில் இன்றி மெட்டல் உருகிக் கிராங்க் ஷாப்ட்டைப் பிடிப்பதும் உண்டு. இந்த வகையில் எஞ்சின் ஆறியபின் சுழன்றாலும், பிரித்துப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. சூடான எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பிளாக் வெடிக்கும்.

முதலில் உறுதி செய்க

பாட்டரி இறங்கியிருந்தாலும் இதே 'டக்' ஒலிதான் கேட்கும். பாட்டரியைச் சோதித்து, பிறகு அதன் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற வேண்டும். அதன் பல்சக்கரம் மட்டும் சிக்கியிருந்தால் எஞ்சின் இப்போது சுழலும். இல்லையேல் இன்ஜெக்டர்களையும் கழற்றிப் பார்க்க வேண்டும். சிலிண்டரில் தேங்கிய தண்ணீர் பிஸ்டனைத் தடுத்திருந்தால், அது துளை வழியே வெளியேறியதும் எஞ்சின் சுழலும். ஆயில் பாலைப்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

துருவை விடுவிக்கும் முறை

டீசலும் பவர் ஸ்டியரிங் எண்ணெயும் சம அளவு கலந்து, இன்ஜெக்டர் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் 50 முதல் 100 மில்லி வரை ஊற்ற வேண்டும். துளைகளைத் துணியால் மூடி, தினமும் குறைந்ததை நிரப்பி, நான்கு நாள் முதல் ஒரு வாரம் வரை ஊறவிட வேண்டும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

அடுத்து ராக்கர் மூடியைத் திறந்து, ஒவ்வொரு வால்வும் அழுத்தினால் இறங்கித் தானே மேலே எழுகிறதா என்று பார்க்க வேண்டும். வால்வு ஒட்டியிருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால் புஷ் ராடு வளையும். ஸ்டார்ட்டர் இருந்த துளை வழியாகப் பிளைவீல் பற்களில் கடப்பாறையைக் கொடுத்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும். ஒரு ஆளின் கைப்பலத்துக்கு மேல் வேண்டாம். மயிரிழை அசைந்தாலும் வெற்றிதான். மீண்டும் எண்ணெய் விட்டு மறுநாள் தொடரலாம்.

விடுபட்டதும் இன்ஜெக்டர் இல்லாமலேயே பல சுற்றுகள் சுழற்றி, ஊற்றிய எண்ணெயை வெளியேற்ற வேண்டும். அது பீய்ச்சியடிக்கும் என்பதால் விலகி நிற்க வேண்டும். சம்ப்பில் இறங்கிய கலவையை வடித்து, புது ஆயிலும் பில்டரும் போட்ட பின்னரே கிளப்ப வேண்டும்.

பிரித்தபின் கவனிக்க வேண்டியவை

ஒரு வாரத்திலும் அசையாவிட்டால் ஹெட்டையும் சம்ப்பையும் கழற்ற வேண்டியதுதான். பிஸ்டனைச் சுத்தியலால் நேராக அடிக்கக் கூடாது. பிஸ்டன் அகலத்துக்கு மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்ட வேண்டும். கனெக்டிங் ராடு, அதன் மூடி ஆகியவற்றில் சிலிண்டர் எண்ணைக் குறித்து, அதே ஜோடியாகத் திரும்பப் பூட்ட வேண்டும்.

லைனரில் நகம் தடுக்கும் அளவுக்குத் துருக்குழி இருந்தால் லைனரை மாற்றுவதே நல்லது. புது ரிங்கை லைனருக்குள் தனியாக வைத்து, பில்லர் கேஜால் அதன் வாய் இடைவெளியை அளக்க வேண்டும். சிலிண்டர் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 4 பங்கு என்பது பொதுக் கணக்கு. மேஸி பெர்குசன் 35 டிராக்டரில் வந்த பெர்கின்ஸ் 3.152 எஞ்சினின் விட்டம் 91.4 மி.மீ. இந்தக் கணக்கில் இடைவெளி 0.27 முதல் 0.37 மி.மீ. வரும். இறுதி அளவுக்குக் கையேட்டையே பார்க்க வேண்டும்.

கிராங்க் ஷாப்ட்டை லேத் பட்டறையில் மைக்ரோமீட்டரால் அளந்த பிறகே மெட்டல் வாங்க வேண்டும். கடைந்தால் 10, 20, 30 சைஸ் என அதற்கேற்ற மெட்டல் போட வேண்டும். அளக்கும் முன் உதிரிபாகம் வாங்குவது வீண். செலவு மதிப்பீட்டை எழுதி வாங்கி, டிராக்டரின் விற்பனை மதிப்போடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். டிராக்டர் பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆயில் துவாரங்களைச் சுத்தம் செய்து, ஆயில் பம்ப்பையும் சோதிக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை டார்க் ஸ்பானரால் நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக இறுக்க வேண்டும். முதல் 50 மணி நேரம் சேற்றுழவு போன்ற கடும் வேலை வேண்டாம். அதன்பின் ஆயிலை மாற்ற வேண்டும்.

வருமுன் காக்க

டிராக்டரை நிறுத்தும்போது சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கிளப்பும் முன் அதை எடுத்துவிட வேண்டும். வேலையில்லாத மாதங்களிலும் இரு வாரத்துக்கு ஒருமுறை, எஞ்சின் நன்கு சூடாகும்வரை ஓட்டி நிறுத்தினால் உள்ளே ஈரம் தங்காது. ரேடியேட்டர் தண்ணீரையும் ஆயில் அளவையும் தினமும் பார்க்கும் விவசாயிக்கு, எஞ்சின் ஜாமாகும் செலவு பெரும்பாலும் வராது.