அருவிமேல் நீளும் தளம்

சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடைக் கவனியுங்கள். ஒரு முனை சுவரில் பதிந்துள்ளது. மறுமுனைக்குத் தாங்கல் இல்லை. அது தன் எடையால் கீழே வளைய முற்படும்போது மேற்பரப்பு இழுபடுகிறது, அடிப்பரப்பு அமுக்கப்படுகிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும்; இழுவிசையைத் தாங்காது. ஆகவே அங்கே இரும்புக் கம்பி மேற்பக்கத்தில் அமைய வேண்டும்.

இத்தகைய தளங்களை அருவிக்கு மேல் ஏறத்தாழ 15 அடி நீட்டிக் கட்டிய வீடு, அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள ஃபாலிங்வாட்டர். 1935-இல் வணிகர் எட்கர் காஃப்மனுக்காக இதை வரைந்தவர் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட். ஐயுற்ற காஃப்மன் வேறு பொறியாளர்களைக் கேட்டார். அவர்கள் கம்பியை இரு மடங்காக்கினர், ரைட் சினந்தார். சென்ட்ரிங் பலகைகளை எடுத்ததும் தளம் தாழ்ந்தது, விரிசலும் கண்டது. காஃப்மன் 1941 முதல் பல்லாண்டுகள் அளவெடுக்கச் செய்தார். 1990-களில் தாழ்வு ஏறத்தாழ 7 அங்குலம்! 2002-இல் எஃகு வடங்களை இறுக்கிக் கட்டித் தாழ்வை நிறுத்தினர். அந்தக் கூடுதல் கம்பி இல்லையேல் தளம் நின்றிராது என்பது ஆய்வாளர் முடிவு.

வீடு கட்டுவோரே, கட்டடக் கலைஞரை மதியுங்கள், ஆனால், "இந்த எடையைத் தாங்குவது எது?" என்று கேட்கத் தயங்காதீர்கள். கான்கிரீட் போடுமுன், சன்ஷேடின் கம்பி மிதிபட்டுக் கீழே இறங்கியுள்ளதா என்றும் பாருங்கள்.