தனிகவா மலையில் கயிற்று வண்டிப் பயணம்

கடை, கணக்கு, வசூல் என்று ஓடிக்கொண்டிருக்கும் நம் வணிகப் பெருமக்களில் பலருக்கு, அறுபதைத் தாண்டிய பிறகுதான் நாலு ஊர் பார்க்க நேரம் கிடைக்கிறது. அதற்குள் முழங்கால் மலை ஏற மறுத்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களும் ஒரு பெரிய மலையை அருகே போய்ப் பார்க்கலாம் என்பதை, 2023 அக்டோபரில் ஜப்பானிலுள்ள தனிகவா மலைக்குச் சென்றபோது நேரில் கண்டோம். மளிகை மொத்த வியாபாரிகள் ஆறு பேர் சேர்ந்து போயிருந்தோம்.

டோக்கியோவுக்கு வடக்கே குன்மா, நீகாதா என்ற இரு மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது இம்மலை. உயரம் 1,977 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவுதான். ஆனால் உயரத்தை வைத்து இந்த மலையை எடைபோடக் கூடாது. ஜப்பான் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்தத் தொடரில் மோதுவதால் குளிர்காலத்தில் பனி மீட்டர் கணக்கில் குவிகிறது. மற்ற மாதங்களிலும் வானிலை நொடியில் மாறும்.

டோக்கியோவிலிருந்து ஜோமோ கோகென் நிலையத்துக்குப் புல்லட் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகிறது. அங்கிருந்து பேருந்து உண்டு. சாதாரண ரயிலில் தோஆய் நிலையம் வரையிலும் போகலாம். ஆனால் அங்கே வண்டி சுரங்கப் பாதைக்குள் நிற்கும். வெளியே வர 486 படிகள் ஏற வேண்டும். மூட்டு வலிக்காரர்கள் அந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

அடிவார நிலையம் 746 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கயிற்று வண்டி சுமார் 2.4 கிலோமீட்டர் சென்று 1,319 மீட்டர் உயரத்திலுள்ள தென்ஜின்தைராவில் இறக்கிவிடுகிறது. பழனி ரோப் காரில் போனவர்களுக்கு ஒரு வித்தியாசம் உடனே தெரியும். இங்கே ஒவ்வொரு பெட்டியும் இடைவெளி விட்டு ஓடும் இரண்டு கம்பி வடங்களைப் பற்றிக்கொண்டு போகிறது. பக்கக் காற்று அடித்தாலும் ஆட்டம் குறைவு. இந்த ஏற்பாடு 2005இல் வந்தது. நிலையத்துக்குள் பெட்டி வடத்தை விட்டுவிட்டு மெல்ல ஊர்ந்து வருவதால் வயதானவர்களும் அவசரமில்லாமல் ஏறலாம்.

தென்ஜின்தைராவிலிருந்து அடுத்தது சேர் லிஃப்ட். திறந்த நாற்காலி, கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும். முதல் ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது உண்மை. பிறகு கீழே சிவப்பும் மஞ்சளுமாகப் பழுத்திருந்த இலைகளைப் பார்த்ததில் பயம் போயிற்று. ஏறி இறங்கும் இடம் 1,502 மீட்டரில் உள்ள தென்ஜின் கணவாய். அங்கிருந்து பார்த்தால் மலையின் இரட்டைச் சிகரங்கள் தெரியும். இரண்டு காதுகள் போலிருப்பதால் அவர்கள் மொழியில் காது என்றே பெயர்.

இந்த அழகுக்குப் பின்னால் ஒரு துயரக் கணக்கு உண்டு. மலையின் மறுபக்கம் இச்சினோகுரா என்ற செங்குத்துப் பாறை. 1931 முதல் இந்த மலையில் 800க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். 1960 செப்டம்பரில் அந்தப் பாறையில் கயிற்றில் தொங்கியபடி இறந்த இருவரின் உடல்களை யாராலும் நெருங்க முடியவில்லை. ஜப்பானியத் தற்காப்புப் படையினர் துப்பாக்கியால் கயிற்றைச் சுட்டு அறுத்துத்தான் உடல்களை இறக்கினார்கள். அதே ஆண்டுதான் இங்கே முதல் கயிற்று வண்டியும் ஓடத் தொடங்கியது. 1966இல் குன்மா மாநிலம் தனிச் சட்டமே போட்டது. ஆபத்தான பகுதியில் ஏறுகிறவர்கள் முன்கூட்டியே திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

கணவாயில் நிற்கும்போது எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. நண்பர் ஒருவர், "இவ்வளவு பணம் செலவழித்து வந்துவிட்டு, உச்சியைத் தொடாமல் திரும்புவதா?" என்றார். அவர் காலில் இருந்தது கடைக்குப் போட்டுப்போகும் செருப்பு. "அண்ணாச்சி, மணி ஒன்றாகிவிட்டது. ஏற இரண்டரை மணி, இறங்க இரண்டு மணி. நீங்களே கூட்டிப் பாருங்கள்" என்றோம். ஐந்தரை ஆகும். அதற்குள் கடைசி வண்டி இறங்கிவிடும். கணக்கில் புலியான அவர் ஒன்றும் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் மேகம் வந்து இரண்டு காதுகளையும் மூடிவிட்டது.

காற்று பலமாக வீசினால் கயிற்று வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். விடுமுறை நாளாக இருந்தாலும், டிக்கெட் வாங்கக் கூட்டம் காத்திருந்தாலும் நிறுத்தம்தான். அன்றைய வசூல் போனது போனதுதான். கூட்டம் நிற்கும் நாளில் கல்லாவை மூடுவது எவ்வளவு கடினம் என்பது நமக்குத்தான் தெரியும். அப்படி மூடத் தெரிந்த இடம் என்ற நம்பிக்கையில்தான் எங்களைப் போன்ற வயதானவர்களும் அந்த நாற்காலியில் ஏறி உட்காருகிறோம்.

போக விரும்பும் அன்பர்கள் புறப்படும் அன்று காலையிலேயே வண்டி ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கீழே வெயில் அடித்தாலும் ஸ்வெட்டரை விடாதீர்கள். பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். டிக்கெட் வாங்கும்போதே இறங்கும் கடைசி வண்டியின் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சிக்குத்தான் போக வேண்டும் என்றால் முதல் வண்டியிலேயே ஏறிவிடுங்கள். இல்லையேல் கணவாயோடு திருப்திப்படுங்கள். அந்தக் காட்சிக்கே கொடுத்த காசு தகும்.