பாட்டி குரலைப் பிடித்து வைக்கும் சின்ன கேமரா

மன்னார்குடி மதில் அழகு என்று சொல்வார்கள்.

ராஜகோபாலசுவாமி கோவிலின் மதிலையும், கோபுரத்தையும், ஹரித்ரா நதி என்ற பெரிய தெப்பக்குளத்தையும் பார்க்கப் பல ஊர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் மதிலைப் படம் பிடிக்கிறார்கள். குளத்தைப் படம் பிடிக்கிறார்கள்.

மதில் பல நூறு ஆண்டுகளாக நிற்கிறது. இன்னும் நிற்கும்.

ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டி? "சாப்பிட்டியாடா?" என்று கேட்கும் அந்தக் குரல்? அதைப் பிடித்து வைத்திருக்கும் வீடுகள் எத்தனை?

கையில் அடங்கும் வீடியோ கேமரா இருந்தால், அந்தக் குரலையும் முகத்தையும் சேர்த்தே பிடித்து வைக்கலாம்.

முதல் சினிமாவே வீட்டுப் படம்தான்!

1895 டிசம்பர் 28-ந் தேதி, பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு சினிமா காட்டினார்கள். அன்று காட்டிய 10 துண்டுப் படங்களில் ஒன்று, குழந்தைக்கு உணவு ஊட்டும் காட்சி.

குழந்தை யார் தெரியுமா? அண்ணன் அகஸ்டின் மகள். ஊட்டுகிறவர் அகஸ்ட். பக்கத்தில் அவர் மனைவி. படம் பிடித்தவர் தம்பி லூயி. ஒரு நிமிடம்கூட ஓடாத படம் அது.

அதைப் பார்த்தவர்கள், குழந்தைக்குப் பின்னால் காற்றில் மரத்தின் இலைகள் அசைவதைக் கண்டு வியந்தார்களாம். எடுத்தவர் நினைத்தது குழந்தையை. பார்த்தவர் கண்ணில் நின்றது இலை! வீட்டுப் படத்தின் ரகசியமே இதுதான். நாம் எடுப்பது ஒன்று. பின்னாளில் நாம் தேடுவது, ஓரத்தில் தற்செயலாக விழுந்த வேறொன்று.

சினிமா நம் பக்கம் வரவும் அதிக காலம் ஆகவில்லை. திருச்சியில் ரெயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகக் கொண்டு போய்ப் படம் காட்டினார்.

ஆனால் சொந்தமாகப் படம் எடுப்பது நெடுங்காலம் பணக்காரர் வீட்டு விஷயமாகவே இருந்தது. பிலிம் வாங்கவும் கழுவவும் செலவு அதிகம்.

தோளிலிருந்து கைக்கு

1983-ல் ஜப்பானின் சோனி கம்பெனி, கேமராவையும் டேப் பதிவுக் கருவியையும் ஒன்றாகச் சேர்த்து, வீட்டு உபயோகத்துக்கு விற்பனைக்குக் கொண்டு வந்தது. எடை சுமார் 2½ கிலோ. தோளில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பிறகு டேப் சிறுத்தது. கேமராவும் சிறுத்தது. 2005-ல் ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில், 'ஹை டெபினிஷன்' எனப்படும் துல்லியப் படம் எடுக்கும் கையடக்க கேமரா வந்தது. 2006-ல் சோனியும் பானாசோனிக்கும் புதிய பதிவு முறை ஒன்றை அறிவித்தன. அதன்பின் விரல் நகம் அளவு மெமரி கார்டு, டேப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

துல்லியம் என்றால் என்ன? வாசலில் போடும் கோலத்தை நினைத்துப் பாருங்கள். புள்ளி கூடக் கூடக் கோலத்தில் நுணுக்கம் கூடும் அல்லவா? படமும் அப்படித்தான். பழைய டிஜிட்டல் வீடியோவில் வரிசைக்கு 720 புள்ளி, 576 வரிசை. மொத்தம் 4,14,720. புதிய முழுத் துல்லியப் படத்தில் வரிசைக்கு 1,920 புள்ளி, 1,080 வரிசை. மொத்தம் 20,73,600. ஐந்து மடங்கு! பாட்டியின் மூக்குத்திக் கல்லும் தெரியும். கன்னத்துச் சுருக்கமும் தெரியும்.

இன்று கைபேசியே இப்படிப் படம் எடுக்கிறது. அப்படியிருக்கத் தனிக் கேமரா எதற்கு? கைப்பட்டை இருப்பதால் அதைப் பிடிக்க வசதி. தூரத்துக் காட்சியைக் கண்ணாடி வில்லையாலேயே அருகில் இழுக்கும். நடுவில் போன் மணி அடித்துப் படத்தைக் கெடுக்காது. கேமரா இல்லாதவர்கள் கைபேசியிலேயே எடுக்கலாம். கீழே சொல்லும் முறைகள் இரண்டுக்கும் பொருந்தும்.

எப்படி எடுப்பது?

பாட்டியை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்கக் கூடாது. வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். திண்ணையிலோ முற்றத்தின் ஓரத்திலோ, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள்.

மின் விசிறியை நிறுத்துங்கள். காதுக்குப் பழகிப்போன அந்தச் சத்தம், பதிவில் பெரிய இரைச்சலாகக் கேட்கும். கேமராவோடு அருகில் போங்கள். தூரத்தில் நின்று படத்தை மட்டும் பெரிதாக்கினால், முகம் பக்கத்தில் வரும். குரல் தூரத்திலேயே நிற்கும்.

கேமராவை அங்கும் இங்கும் திருப்பாமல், ஒரு காட்சியைப் பத்து விநாடியாவது அசையாமல் எடுங்கள். தேதியைச் சரியாக வையுங்கள். படத்தில் இருப்பவர் யார், யாருக்கு என்ன உறவு என்று வாயால் சொல்லி வையுங்கள். முப்பது வருஷம் கழித்துப் பார்க்கும் பேரப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல ஆள் இருக்காது.

பங்குனித் திருவிழாவில் வெண்ணெய்த்தாழி அன்று, கையில் வெண்ணெய்க் குடத்தோடு கண்ணன் பல்லக்கில் வருவார். பக்தர்கள் வெண்ணெயை வீசுவார்கள். கேமரா வைத்திருப்பவர்கள் அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் கண்ணனுக்கு வீசியது கேமராவின் கண்ணில் அப்பும்!

வயல் பக்கமும் போகலாம். பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டே பாடும் காட்சி, நடவு எந்திரம் வந்தபின் குறைந்து வருகிறது. அவர்களிடம் கேட்டு, சம்மதம் பெற்று, ஒரு பாட்டை முழுதாகப் பதிவு செய்யுங்கள்.

பீரோவில் உறங்கும் கேசட்

எடுப்பதைவிடப் பெரிய வேலை, எடுத்ததைக் காப்பாற்றுவது.

பல வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் கல்யாண வீடியோ கேசட் இருக்கிறது. போட்டுப் பார்க்கக் கருவிதான் இல்லை. ஜப்பானின் பூனாய் கம்பெனி, 2016 ஜூலையோடு வி.சி.ஆர். செய்வதை நிறுத்திவிட்டது. ஆற்றுப் பாசனமும் ஐப்பசி, கார்த்திகை மழையும் உள்ள டெல்டாவில் ஈரக்காற்று அதிகம். ஈரத்தில் டேப்பின்மேல் பூஞ்சை படரும். பூஞ்சை பிடித்த டேப்பைக் கருவியில் போட்டால் டேப்பும் கெடும், கருவியும் கெடும். டேப்பைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒத்திப் போடாமல் மாற்றிவிட வேண்டும்.

மெமரி கார்டை நம்பியும் தூங்கக் கூடாது. நல்ல தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரப் படம் சுமார் 11 ஜி.பி. இடம் பிடிக்கும். 32 ஜி.பி. கார்டு மூன்று மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். இடம் போதாதபோது பழையதை அழிக்கத் தோன்றும். அழித்தால் போனதுதான்!

தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931-ல் வெளிவந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்த படம். இன்று அதன் பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஊர் பார்த்த படத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரே ஒரு பிரதி உள்ள வீட்டுப் படத்தின் கதி என்ன?

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. மன்னார்குடி வட்டாரத்திலும் தென்னைகள் சாய்ந்தன. கூரைகள் பறந்தன. ஒரு ராத்திரிக் காற்றும் மழையும் போதும், பீரோவில் இருப்பதெல்லாம் நனைந்துபோக.

ஆகவே மூன்று பிரதி வையுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில். ஒன்று தனி ஹார்டு டிஸ்கில். மூன்றாவது வேறு ஊரில், சென்னையில் இருக்கும் மகளிடமோ சிங்கப்பூரில் இருக்கும் மகனிடமோ இருக்கட்டும். விதைநெல்லை ஒரே குதிரில் கொட்டி வைக்காத புத்தி இதிலும் வேண்டும்.

"என்னை எதுக்குடா?"

கேமராவை எடுத்ததும் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "போடா! கிழவி மூஞ்சியைப் போய் எதுக்குடா படம் பிடிக்கிறே? கோவில்லே போய் சாமியை எடு!" என்பாள்.

கேமராவை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "நீ சின்னப் பொண்ணா இருந்தப்போ ஆத்துலே வெள்ளம் வந்துதாமே, பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள்.

அவள் வெற்றிலையை மறந்துவிட்டுப் பேச ஆரம்பிப்பாள். அப்போது, "இதை எடுத்து வெச்சுக்கட்டுமா, பாட்டி?" என்று கேளுங்கள். "என்னமோ பண்ணு!" என்று சொல்லிவிட்டு, அவள் மேலே கதையைத் தொடர்வாள்.

பொத்தானை அழுத்துங்கள்.