ஞாயிறு ஓடாதவர், ஞாயிறு மைதானத்தில் நின்றார்

காலத்தின் நடுவே விசுவாசம் – 7

1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய சபையாரைக் கடந்த வாரம் பார்த்தோம். திருச்சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே, வேறெந்த அதிகாரமும் அல்ல என்று அவர்கள் அறிக்கையிட்டார்கள். அவர்களுக்கு எதிரே நின்றது வெளிப்படையான மிரட்டல். நமக்கு வருவது பெரும்பாலும் சத்தமில்லாத நெருக்கடி. விசுவாசத்தை விட்டுவிடு என்று நம்மிடம் யாரும் சொல்வதில்லை. "காலம் மாறிப்போச்சு, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றுதான் சொல்கிறார்கள். எதை அனுசரிக்கலாம், எதில் அசையவே கூடாது? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் சொன்னவர் எரிக் லிடெல்.

பாரீஸ், 1924

லிடெல் 1902இல் சீனாவின் தியன்ஜின் நகரில், ஸ்காட்லாந்து மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்தபோதே ரக்பியில் ஸ்காட்லாந்துக்காக விளையாடினார். 1923இல் நூறு கஜ ஓட்டத்தை 9.7 விநாடியில் முடித்துப் பிரிட்டிஷ் சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தங்கம் அவருக்குத்தான் என்று நாடே எதிர்பார்த்தது.

நூறு மீட்டர் தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை என்று அட்டவணை வந்தது. லிடெல் வளர்ந்த வீட்டில் ஞாயிறு கர்த்தருடைய நாள், அன்று விளையாட்டு கிடையாது. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பழக்கம் பிரிட்டனிலேயே தளரத் தொடங்கியிருந்தது. ஐரோப்பாவின் பிற நாடுகளிலோ ஞாயிறுதான் விளையாட்டு நாள். ஆனாலும் அவர் ஓட மறுத்தார். ஞாயிற்றுக்கிழமையைத் தொட்ட இரண்டு தொடர் ஓட்டங்களையும் சேர்த்தே விட்டுக்கொடுத்தார். நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற ஏச்சையும் கேட்டார்.

1981இல் வந்த 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' திரைப்படத்தில், கப்பல் ஏறும் நேரத்தில்தான் அவருக்கு இந்தச் செய்தி தெரியவருகிறது. உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆகவே அது ஒரு கணத்து ஆவேசம் அல்ல. யோசித்து எடுத்த முடிவு. அதன் விலை என்னவென்று அறிந்து, அதோடு பல மாதங்கள் வாழ்ந்தார். அந்த மாதங்களை 400 மீட்டர் ஓட்டத்துக்குத் தயாராவதில் செலவிட்டார். ஜூலை 9 அன்று 200 மீட்டரில் வெண்கலம் கிடைத்தது. ஜூலை 11 அன்று, மற்ற ஓட்டக்காரர்களைப் பார்க்க முடியாத வெளி ஓடுபாதையில் ஓடி, 47.6 விநாடியில் 400 மீட்டர் தங்கத்தை வென்றார்.

நம் பிரசங்கங்களில் இந்தக் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது. தேவனைக் கனப்படுத்தினார், தங்கம் கிடைத்தது என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறோம். தங்கம் கிடைக்காமல் போயிருந்தாலும் அந்த முடிவு சரியானதுதான். அதுமட்டுமல்ல, லிடெலின் வாழ்க்கையில் நாம் கற்க வேண்டிய பெரிய பாடம் இன்னும் 20 ஆண்டுகள் தள்ளியே வருகிறது.

வெய்சியன் முகாம்

1925இல், புகழின் உச்சியில் இருந்தபோது, லிடெல் சீனாவுக்குத் திரும்பினார். தியன்ஜினில் கல்லூரி ஆசிரியராகவும், பிறகு போர் சூழ்ந்த கிராமங்களில் ஊழியராகவும் உழைத்தார். 1941இல் நிலைமை மோசமானபோது, கருவுற்றிருந்த மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கினார். 1943 மார்ச்சில் ஜப்பானிய ராணுவம் அவரை ஷான்டோங் மாகாணத்திலிருந்த வெய்சியன் முகாமில் அடைத்தது.

ஒரு பழைய மிஷன் வளாகத்துக்குள் 1,500க்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அங்கே இருந்த லாங்டன் கில்கி என்ற அமெரிக்க இளைஞர், பின்னாளில் பெயர்பெற்ற இறையியலாளர், 1966இல் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். அவர் பதிவுசெய்த ஓர் உண்மை நம்மைச் சுட வேண்டும். படுக்கும் இடத்தில் சில அங்குலம் விட்டுக்கொடுக்கச் சொன்னபோது, பக்தியுள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே மறுத்தார்கள். புகைப்பதையும் கெட்ட வார்த்தை பேசுவதையும் பாவமென்று கண்டித்தவர்களில் சிலருக்கு, பக்கத்துப் படுக்கைக்காரரின் நெருக்கடி கண்ணில் படவில்லை. அதே கில்கி லிடெலைப் பற்றி எழுதும்போது, தான் அறிந்த மனிதர்களில் புனிதர் என்ற சொல்லுக்கு மிக அருகில் வந்தவர் அவர் என்கிறார்.

பெற்றோரைப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் முகாமில் இருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் 'எரிக் அங்கிள்'. அறிவியல் கற்பித்தார், விளையாட்டுகளை நடத்தினார், முறிந்த ஹாக்கி மட்டைகளைச் சரிசெய்தார். ஞாயிறு மட்டும் விளையாட்டு வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாத இளையோர், ஒரு ஞாயிறு தாங்களே ஹாக்கி ஆட்டம் ஏற்பாடு செய்தார்கள். நடுவர் இல்லாமல் அது சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றார்.

உலகமே பார்த்த தங்கத்துக்காக ஞாயிற்றை விட்டுக்கொடுக்காதவர், யார் கண்ணிலும் படாத பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். அவர் விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? பாரீஸில் அவர் மறுத்தது தன் புகழை. வெய்சியனில் அவர் இழந்தது, தான் பேணிவந்த ஒழுக்கத்தின் பெருமையை. இரண்டு இடத்திலும் விலை கொடுத்தவர் அவரே.

நம் சபைகளுக்கு

விசுவாசத்தில் நிலைப்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒழுங்குக்கு விலை கொடுப்பது யார்? நான் கொடுக்கிறேன் என்றால் உறுதியாகப் பிடித்துக்கொள்ளலாம். பிறர் கொடுக்கிறார்கள், அவர்கள் எளியவர்கள் என்றால், முழங்காலில் நின்று மறுபடி யோசிக்க வேண்டும்.

ஞாயிறு டியூஷனுக்காகவும் போட்டித் தேர்வுப் பயிற்சிக்காகவும் பிள்ளைகளை ஆராதனையிலிருந்து நிறுத்திவிடுகிறோம். அவர்கள் எதிர்காலம் என்கிறோம். இங்கே லிடெலின் பாரீஸ் நமக்குத் தேவை. சில மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். மறுபுறம், இரவுப் பணி முடித்து வாரக்கணக்கில் ஆலயத்துக்கு வர முடியாத செவிலியரையும் ஓட்டுநரையும் பின்வாங்கிப்போனவர்கள் என்று எளிதாகப் பேசிவிடுகிறோம். இங்கே வெய்சியன் தேவை. ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்கு நாமே போய் ஜெபித்தால் என்ன?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இளையோரின் உடையையும் தலைமுடியையும் மேடையில் கண்டிக்கும் நாம், திருமண விளம்பரத்தில் சபையின் பெயரோடு சாதியின் பெயரையும் அச்சிடுகிறோம். வரதட்சணையைப் பேசி முடித்த பிறகு ஜெபிக்கிறோம். மாறிவரும் பண்பாடு நம் விசுவாசத்தை அரிக்கிறது என்று அஞ்சுகிறோம். மாறாத பண்பாடும் அதை அரித்திருக்கிறது. சாதியை விட்டால் நம் கௌரவம் போகும், வரதட்சணையை விட்டால் நம் பணம் போகும். விலை நம்முடையது என்பதால்தான் இவற்றில் கை வைக்கத் தயங்குகிறோம்.

லிடெல் 1945 பிப்ரவரி 21 அன்று, மூளைக் கட்டியால், முகாமிலேயே இறந்தார். வயது 43. கனடாவில் பிறந்த மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. ஆறு மாதத்தில் முகாம் விடுதலையானது. அவரை ஓட்டக்காரராக மட்டும் நினைவுகூரும் நம் பிள்ளைகளுக்கு, ஹாக்கி மைதானத்தின் கதையையும் சேர்த்துச் சொல்வோம். எதற்காக நின்றார் என்பதோடு யாருக்காக வளைந்தார் என்பதும் தெரிந்தால்தான், அவர்கள் தங்கள் காலத்தில் சரியான இடத்தில் நிற்பார்கள்.

அடுத்த வாரம் பிரான்சின் மலையூரான லெ ஷாம்போனுக்குப் போவோம். சட்டம் ஒன்றைச் சொல்ல, மனசாட்சி வேறொன்றைச் சொன்னபோது ஒரு சபை முழுவதும் என்ன செய்தது என்று பார்ப்போம்.

(தொடரும்)